ஒரு பானை, ஒரு பருக்கை: பெல்ட் டெஸ்ட் எப்படி இயங்குகிறது?

"மாஸ்டர், எம் புள்ளைக்கு அடுத்த பெல்ட்டு எப்ப குடுப்பீங்க?"

கராத்தே வகுப்பு நடக்கிற எந்த ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. புதுச்சேரியின் வில்லியனூரிலும் உண்டு, பாகூரிலும் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளி மைதானத்திலோ மொட்டை மாடியிலோ வெள்ளைச் சீருடையில் வரிசைகட்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அம்மாக்களும் தாத்தாக்களும் கேட்பது இதைத்தான். அதற்கு விடை சொல்லும் நாள்தான் பெல்ட் டெஸ்ட். இடுப்பில் ஒரு நிறத்தோடு போய் வேறொரு நிறத்தோடு திரும்புகிற நாள்.

அன்று உள்ளே நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையைச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, அதன் பல மாத உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்கள். இப்படி ஒரு தீர்ப்பு நியாயமாக இருக்க முடியுமா?

முடியும். நம் வீட்டு அடுப்படியில் தினமும் அதுதான் நடக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை முழுவதையும் தின்று பார்த்துவிட்டு யாரும் கஞ்சி வடிப்பதில்லை. கரண்டியில் நாலு பருக்கை எடுக்கிறோம், விரலால் நசுக்குகிறோம், முடிவு செய்கிறோம். ஆனால் அந்தப் பழமொழி பலிப்பதற்குச் சொல்லப்படாத நிபந்தனைகள் சில உண்டு. அரிசி ஒரே அரிசியாக இருக்க வேண்டும். தீ எல்லாப் பக்கமும் பட்டிருக்க வேண்டும். பருக்கையைச் சரியான இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நசுக்கும் விரலுக்குப் பழக்கம் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சோறு ஏமாற்றிவிடும். பெல்ட் டெஸ்ட் கெடுவதும் இதே இடங்களில்தான்.

இந்த நிறங்கள் எப்போது வந்தன?

பெல்ட்டின் நிறம் பல்லாயிரம் ஆண்டுப் பழமை என்று பல வகுப்புகளில் கதை சொல்வார்கள். உண்மையில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயதுகூட நிறையவில்லை. 1882-இல் டோக்கியோவில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, மறு ஆண்டே தன் மாணவர் இருவருக்கு 'முதல் டான்' என்ற தரம் கொடுத்தார். டான் என்ற படிநிலையை அவர் எடுத்தது 'கோ' என்ற பலகை விளையாட்டிலிருந்து. 17-ஆம் நூற்றாண்டு முதலே அதில் ஆட்டக்காரர்களை இப்படித் தரம் பிரித்து வந்தார்கள். தரம் பெற்றவர்கள் இடுப்பில் கறுப்புக் கட்டுகிற வழக்கம் 1880-களின் நடுவில்தான் வந்தது. ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்த கிச்சின் ஃபுனகோஷி, 1924-இல் தன் மாணவர் ஏழு பேருக்கு டான் கொடுத்து இந்த முறையைக் கராத்தேக்குள் கொண்டுவந்தார்.

மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வரிசையோ ஐரோப்பாவில் வளர்ந்தது. 1935-இல் பாரிஸுக்குப் போய் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷி அதைப் பரவலாக்கினார். கறுப்பு வரைக்கும் பல ஆண்டு பொறுத்திருக்க மாணவர்களுக்கு நடுநடுவே ஒரு படி தேவைப்பட்டது.

இந்த வரலாறு ஒரு காரியத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும். நிறம் என்பது கற்பிக்கும் வசதிக்காக மனிதர் செய்த ஏற்பாடு. முப்பது பேர் நிற்கிற வகுப்பில், யாரை யாரோடு சண்டைப் பயிற்சிக்கு நிறுத்துவது, யாருக்கு அடுத்து என்ன சொல்லித்தருவது என்று மாஸ்டர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள அது உதவும். அந்த வேலையை நிறம் சரியாகச் செய்ய வேண்டுமானால், அதைக் கொடுக்கும் டெஸ்ட் பொய் சொல்லக் கூடாது.

முப்பது பிள்ளைகள், முப்பது பானைகள்

முதல் தவறு இங்கேதான் தொடங்கும். வகுப்பு முழுவதையும் ஒரே பானையாக நினைத்துக்கொள்வது. முன்வரிசையில் நிற்கும் நாலு பேர் நன்றாகச் செய்தால் "இந்த பேட்ச் ரெடி" என்று மொத்தமாகத் தேற்றிவிடுவது.

பானைக்குள் ஒரு பருக்கை மற்றதைப் பற்றிச் சொல்வது, எல்லாம் ஒரே கொதியில் புரண்டதால். பிள்ளைகள் அப்படிப் புரள்வதில்லை. ஒரு பிள்ளை வாரம் மூன்று நாளும் வருகிறது. இன்னொன்று டியூஷன் போக மிச்ச நேரத்தில் வருகிறது. மூன்றாவது வீட்டுத் திண்ணையில் அக்காவோடு தானாகவே பழகுகிறது. ஆக, ஒவ்வொரு பிள்ளையும் தனிப் பானை. பழமொழி பொருந்துவது ஒரு பிள்ளைக்குள்ளே: அதன் பல மாதப் பயிற்சியிலிருந்து எந்தச் சில அசைவுகளை எடுத்து நசுக்கிப் பார்ப்பது என்பதில்.

வரிசையாக நிறுத்திச் சேர்ந்தாற்போலச் செய்யச் சொல்லும்போது இன்னொரு கோளாறும் நடக்கும். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்வார். அரை நொடி தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. இரண்டிரண்டு பேராக அழையுங்கள். ஒருவரைக் கிழக்கே பார்த்தும் மற்றவரை மேற்கே பார்த்தும் நிறுத்துங்கள். பார்த்துச் செய்ய ஆள் இல்லாதபோதுதான், கட்டா என்கிற வரிசை அசைவு யாருடைய காலில் இருக்கிறது என்பது தெரியும்.

பதம் என்ன என்று முன்பே சொல்லுங்கள்

பழைய சோற்றுக்கு வேண்டிய பதம் வேறு, பொங்கலுக்கு வேண்டிய பதம் வேறு. எதற்குச் சமைக்கிறோம் என்று தெரியாமல் உலை வைக்க முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வகுப்பில் சேர்ந்த அன்றே பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும். "நல்லா பண்ணணும்" என்பது எதிர்பார்ப்பு ஆகாது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக எழுத வேண்டும்.

முன்கால் மடக்கி நிற்கிற நிலையை எடுத்துக்கொள்வோம். ஷோட்டோகான் பாணியில் இதற்கு ஜென்குட்சு டாச்சி என்று பெயர். பாதங்களுக்கு இடையே அகலம் இடுப்பளவு. முன்முழங்கால் கால்விரலுக்கு நேர் மேலே. பின்கால் நீட்டியிருக்க வேண்டும், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. உடல் எடையில் ஏறத்தாழ 60 பங்கு முன்காலிலும் 40 பங்கு பின்காலிலும் நிற்க வேண்டும். இப்படி எழுதிவிட்டால் பிள்ளையின் அம்மாகூட வீட்டில் பார்த்துச் சொல்லலாம்: "பின்குதி தூக்குது பாரு."

மதிப்பெண்ணும் இதே தெளிவோடு இருக்க வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று போடுவது துல்லியம்போலத் தெரியும். ஆனால் 71-க்கும் 74-க்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவரையே கேட்டால் முழிப்பார். நாலு படி போதும். சுழியம் என்றால் தெரியவில்லை. ஒன்று என்றால் நினைவூட்டினால் செய்கிறது. இரண்டு என்றால் தானாகச் செய்கிறது, ஆனால் வேகம் கூடினால் வடிவம் கெடுகிறது. மூன்று என்றால் வேகத்திலும் களைப்பிலும் வடிவம் நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் பொருள் எழுதியிருந்தால், வேறு ஊரிலிருந்து வரும் தேர்வாளரும் அதே எண்ணைத்தான் போடுவார்.

எந்தப் பருக்கையை எடுப்பது?

சமைத்துப் பழகிய கை மேலே மிதக்கும் பருக்கையை எடுக்காது. கரண்டியை உள்ளே விட்டு ஒருமுறை கிளறி, நடுவிலிருந்து எடுக்கும். எது கடைசியாக வேகுமோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டாவிலும் கடைசியாக வேகும் இடங்கள் உண்டு. ஷோட்டோகானில் தொடக்க நிலை மாணவர் கற்கும் ஹேயான் ஷோடான் என்ற கட்டாவில் 21 அசைவுகள். ஹேயான் வரிசைக் கட்டாக்களை ஒகினாவாவின் அன்கோ இதோசு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே அமைத்தார். முதல் அசைவு இடப்பக்கம் திரும்பிக் கீழே தடுப்பது. அதை எல்லாப் பிள்ளையும் அழகாகச் செய்யும், ஏனென்றால் ஆயிரம் முறை செய்திருக்கும். அது மேலே மிதக்கும் பருக்கை. மூன்று முறை மேல்தடுப்பு செய்து முன்னேறி, உரக்கக் கத்தியபின், முக்கால் வட்டம் சுழன்று வேறு திசையில் இறங்குகிற இடம் ஒன்று வரும். அங்கேதான் கால் தடுமாறும். கடைசி நாலு அசைவில் எடை பின்காலுக்கு மாற வேண்டும், அதுவும் 70 பங்கு. அங்கே பல பிள்ளைகள் நடுவில் நின்றுவிடும். தேர்வாளர் கண் வைக்க வேண்டியது இந்த இரண்டு இடங்களில்.

அடுத்து, ஒரே இடத்திலிருந்து எல்லாப் பருக்கையையும் எடுக்கக் கூடாது. கராத்தே டெஸ்ட்டுக்கு வழக்கமாக மூன்று பகுதி: அடிப்படை அசைவுகளான கிஹோன், வரிசை அசைவான கட்டா, எதிராளியோடு செய்யும் குமித்தே. மூன்றிலும் எடுக்க வேண்டும். கூடவே முந்தைய பெல்ட்டில் தேறிய பழைய கட்டா ஒன்றையும் கேட்க வேண்டும். எதைக் கேட்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், அன்று சீட்டுப் போட்டு எடுக்கலாம். பட்டியலில் இருப்பது எல்லாம் பிள்ளைக்குத் தெரியும். எது வரும் என்பது மட்டும் தெரியாது. இதில் அநியாயம் ஏதுமில்லை, பள்ளித் தேர்விலும் இதுதான் நடைமுறை.

குமித்தேவில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். அங்கே ஒரு பிள்ளையின் மதிப்பெண் எதிரே நிற்கும் பிள்ளையையும் பொறுத்தது. இணை பயந்து பின்வாங்கினால் நல்ல தாக்குதலும் எட்டாமல் போகும். இணை கட்டுப்பாடில்லாமல் பாய்ந்தால் நல்ல தடுப்பும் குலையும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு இணைகளையாவது மாற்றித் தர வேண்டும். எடையும் உயரமும் ஒத்தவர்களாகப் பார்த்துத் தர வேண்டும். முகத்துக்குப் போகும் பஞ்ச் தோலைத் தொடாமல் நிற்கிறதா என்பதற்கும் ஒரு மதிப்பெண் இருக்க வேண்டும். அடித்து வீழ்த்தியவருக்குக் கைதட்டல் விழுகிற டெஸ்ட்டில் அடுத்த முறை எல்லாரும் அடித்து வீழ்த்தவே வருவார்கள்.

கடைசியாக ஒரு கேள்வியும் கேட்கலாம்: "இந்தத் தடுப்பு எதுக்கு? யார் எப்படி வந்தா இதைப் பண்ணுவ?" மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் விளங்கிச் செய்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நசுக்கும் விரல் யாருடையது?

ஒரே பருக்கையை மாமியார் நசுக்கினால் "இன்னும் வேகணும்" என்பார், மருமகள் நசுக்கினால் "போதும், வடிச்சுடலாம்" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பழகிய பதம் அது.

தேர்வாளர்களிடமும் இதுவே நடக்கும். சொந்த மாஸ்டருக்குப் பிள்ளையின் கதை தெரியும். மழையிலும் சைக்கிள் மிதித்து வந்தது தெரியும். அந்தப் பாசம் மதிப்பெண்ணில் ஏறும். அல்லது வகுப்பில் வாயாடியதன் கோபம் ஏறும். வெளியிலிருந்து வருபவருக்குக் கதை தெரியாது. ஆனால் பிள்ளை பதற்றத்தில் இருக்கிறதா, உண்மையிலேயே தெரியவில்லையா என்பதும் அவருக்குத் தெரியாது. இருவரும் வேண்டும்.

உலகக் கராத்தே கூட்டமைப்பு 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டாப் போட்டி விதியில் ஏழு நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். அதிகபட்சமான இரண்டையும் குறைந்தபட்சமான இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா இப்படித்தான் மதிப்பிடப்பட்டது. சிற்றூர் வகுப்புக்கு ஏழு பேர் கிடைக்க மாட்டார்கள். மூன்று பேர் போதும். சொந்த மாஸ்டர் ஒருவர், பக்கத்து ஊர் மாஸ்டர் ஒருவர், மூத்த கறுப்பு பெல்ட் ஒருவர். மூன்று எண்ணில் நடு எண்ணை எடுத்துக்கொண்டால் ஒருவருடைய பாசமோ கோபமோ முடிவைச் சாய்க்க முடியாது.

இதற்கு இரண்டு ஒழுங்குகள் அவசியம். ஒன்று, மூவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுத வேண்டும். பெரியவர் முதலில் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் மற்ற இருவர் பேனாவும் அந்தப் பக்கமே நகரும். இரண்டு, டெஸ்ட் தொடங்குமுன் ஒரு மூத்த மாணவரை ஒரு கட்டா செய்யச் சொல்லி மூவரும் மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் மூன்றும் இன்னொருவர் ஒன்றும் போட்டிருந்தால், ஏன் என்று அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாவிட்டால் முதல் நாலு பிள்ளைகள் தலையில்தான் தேர்வாளர்கள் தங்கள் பதத்தைப் பழகிக்கொள்வார்கள்.

பசியும் ஒரு தேர்வாளர். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, வெளியூர் மாஸ்டர் பத்தரைக்கு வந்து, கடைசிப் பிள்ளையின் முறை ஒரு மணிக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் கால் நடுங்குவது பயிற்சிக் குறையால் அல்ல. நேரம் பிரித்துக் கொடுத்து அழைப்பது பெரிய வித்தை இல்லை. வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் ஓடும் நாளிலும், மாதா கோயில் பெருவிழாவின்போதும், பள்ளித் தேர்வு வாரத்திலும் டெஸ்ட் வைக்காமல் இருப்பதும் அப்படித்தான்.

பாதி குழைந்து, பாதி வேகாமல்

மதிப்பெண்களைக் கூட்டும்போது நடக்கிற தவறு ஒன்று உண்டு. கட்டாவில் அபாரம், குமித்தேவில் ஆபத்து. கூட்டி வகுத்தால் "தேர்ச்சி" என்று வரும். பாதி குழைந்து பாதி அரிசியாகக் கிடக்கும் பானையைச் சராசரியில் நன்றாக வெந்தது என்று யாராவது சொல்வார்களா? ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்ச வரம்பு வேண்டும். எதில் குறைந்ததோ அதை மட்டும் மறுபடி பார்த்தால் போதும், முழு டெஸ்ட்டும் தேவையில்லை.

விசில் எண்ணிக்கை

குக்கர் வந்தபின் பலர் பருக்கை எடுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். மூன்று விசில், இறக்கு. பெரும்பாலும் சரியாகவே வரும். அரிசி மாறினால்தான் வம்பு.

"மூணு மாசம் ஆச்சு, அடுத்த பெல்ட்" என்பது விசில் எண்ணுகிற முறை. காலக்கெடு வேண்டும், அதில் சந்தேகமில்லை. குறைந்தது இத்தனை வகுப்பு வந்திருந்தால்தான் டெஸ்ட்டுக்கு வரலாம் என்ற விதி, அவசரக்காரர்களைத் தடுக்கும். ஆனால் அது நுழைவுக்கான விதி. வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டிய தகவல் தேர்ச்சிக்குக் காரணமாகிவிடக் கூடாது.

வயதும் ஒரு விசில்தான். எட்டு வயதில் கறுப்பு பெல்ட் என்று வாழ்த்துப் பதாகை வைக்கிறோம். அந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கலாம். ஆனால் பெரியவருக்குரிய பொறுப்பு, கட்டுப்பாடு, பிறருக்குச் சொல்லித்தரும் பக்குவம் என்று அந்த நிறத்துக்கு வேறு பொருளும் உண்டே. தேக்வாண்டோவில் இதற்கு ஒரு நாகரிகமான வழி செய்திருக்கிறார்கள். 1972-இல் சியோலில் நிறுவப்பட்ட குக்கிவொன், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டான் கொடுப்பதில்லை. 'பூம்' என்ற தனித் தரம் கொடுக்கிறது. பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பிள்ளையின் திறமைக்கு மதிப்பும் கிடைக்கிறது, கறுப்பின் பொருளும் கெடவில்லை.

குறுகிய காலப் பயிற்சிக்கு நிறமே வேண்டாம். சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. ராணி லட்சுமிபாய் பெயரிலான திட்டம் அது. அங்கே பார்க்க வேண்டிய பதம் வேறு. மணிக்கட்டைப் பிடித்தால் உதறி விடுவிக்கத் தெரிகிறதா? வயிற்றிலிருந்து கத்த வருகிறதா? எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கண் தேடுகிறதா? இதற்கு மஞ்சள் பெல்ட் எதையும் கூட்டாது.

பழைய அரிசி, புது அரிசி

புது அரிசி சீக்கிரம் குழையும். பழைய அரிசி தண்ணீர் அதிகம் கேட்கும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னியைவிட நேரமும் ஊறலும் கூடுதலாக வேண்டும். புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூர்ப் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர் வைப்பவரைச் சமத்துவவாதி என்று யாரும் மெச்ச மாட்டார்கள்.

நாற்பது வயதில் சேர்ந்த ஒருவரின் உதை தலை உயரத்துக்குப் போகாது. முழங்கால் வலியுள்ளவரால் ஆழமாக மடக்கி நிற்க முடியாது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். உயரத்தை விட்டுக்கொடுக்கலாம். சமநிலை, பின்னிழுக்கும் கையை இடுப்புக்குக் கொண்டுவருவது, உதைத்த காலை மடக்கி எடுத்து வைப்பது ஆகியவற்றை விட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே கணக்குத்தான். உலகக் கராத்தே சாம்பியன்ஷிப்பில் 2014 முதல் பாரா-கராத்தே நடக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று பிரிவுகள் உண்டு. சலுகை மதிப்பெண் அங்கே பேச்சில் இல்லை. அவரவர் உடலுக்குள் எது சாத்தியமோ அதன் உச்சத்தைக் கேட்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் சில. தேர்வாளர்களில் ஒரு பெண் இருப்பது நல்லது. உடம்பு முடியாத நாள் என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் துருவாமல் மறுதேதி கொடுக்க வேண்டும். நிலையைத் திருத்தும்போது கைவைத்துத் திருத்தாமல் வாயால் சொல்லித் திருத்துவது டெஸ்ட் நாளில் கட்டாய விதியாக இருக்கலாம்.

விறகுக்காசு யாருடையது?

பணத்தைப் பேசாமல் நியாயத்தைப் பேச முடியாது. பெல்ட் வாங்க வேண்டும், சான்றிதழ் அச்சடிக்க வேண்டும், வெளியூர் மாஸ்டருக்குப் பஸ் செலவும் சாப்பாடும் தர வேண்டும், சங்கத்துக்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். டெஸ்ட்டுக்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கணக்குக்காக, 30 பேர் ஆளுக்கு 500 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைப்போம். 15,000 ரூபாய். மாதக் கட்டணத்தைக் குறைவாக வைத்து, டெஸ்ட் வருமானத்தில்தான் வகுப்பையே ஓட்டுகிற மாஸ்டருக்கு "பத்துப் பேர் இன்னும் தயாராகலை" என்று சொல்வது 5,000 ரூபாய் நட்டம். நல்ல மனிதராகவே இருந்தாலும் அவர் விரல் அந்தப் பருக்கையை வெந்ததாகவே உணரும். ஆகவே வகுப்பு நடக்கும் செலவை மாதக் கட்டணத்திலேயே வாங்கிக்கொண்டு, டெஸ்ட் கட்டணத்தை டெஸ்ட் செலவோடு நிறுத்த வேண்டும். கறுப்பு வரைக்கும் எத்தனை டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதைச் சேரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். மறுதேர்வுக்குக் காசு வாங்கக் கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்றே பெற்றோரின் சந்தேகத்தைப் பாதி தீர்த்துவிடும்.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்"

வேகாத சோற்றுக்கு மருந்து எளிது. இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, மூடி, தீயைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். வடித்து இலையில் பரிமாறிய பிறகு தெரிந்தால்தான் தலைகுனிவு.

அதனால் தோல்வி என்பது டெஸ்ட் நாளில் முதன்முதலாகத் தெரியக் கூடாது. இரண்டு வாரம் முன்பு வகுப்புக்குள்ளேயே ஓர் ஒத்திகை வைத்து, தயாராகாத பிள்ளைகளிடம் தனியே உட்கார்ந்து சொல்ல வேண்டும்: "சுழல்ற எடத்துல கால் தப்புது. அடுத்த தடவ பாத்துக்கலாம், தினம் பத்து தடவ அத மட்டும் பண்ணு." குறை எது, எப்படித் தீர்ப்பது, எப்போது மறுபடி வருவது ஆகிய மூன்றும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். இப்படி வடிகட்டி அனுப்பினால் டெஸ்ட் நாளில் கிட்டத்தட்ட எல்லாரும் தேறுவார்கள். அதைப் பார்த்து "எல்லாருக்கும் குடுத்துடறாங்க" என்று சொல்லக் கூடாது. அதற்கு முன்னால் எத்தனை பேரை நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

பாவம் பார்த்துத் தேற்றுவதன் விலையை மாஸ்டர் கொடுப்பதில்லை, பிள்ளை கொடுக்கிறது. பச்சை பெல்ட் கட்டிய பிள்ளையைப் பச்சை பெல்ட்டுகளோடுதான் நிறுத்துவார்கள். தடுக்கத் தெரியாமலே அந்த நிறத்துக்கு வந்திருந்தால் முதல் வாரமே மூக்கில் வாங்கும். இரண்டாம் மாதம் வகுப்புக்கு வராது. மறுபக்கமும் உண்டு. கண்டிப்பானவர் என்று பெயரெடுக்க, தயாரான பிள்ளையை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கும் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். இறக்க வேண்டிய நேரத்தில் இறக்காத சோறு குழைந்து அடிப்பிடிக்கும். அந்தப் பிள்ளையும் வகுப்புக்கு வராது.

பெல்ட் இல்லாத சிலம்பம்

நம் ஊர்க் கலையில் இந்த நிறமெல்லாம் இருந்ததில்லை. சிலம்ப ஆசான் சலாம் வரிசையிலிருந்து தொடங்கி, காலடி சுத்தமானபின் வீச்சு, வீச்சு சுத்தமானபின் எதிராளி என்று கொண்டுபோவார். அடுத்த பாடம் கிடைத்தால் தேறியாயிற்று என்று பொருள். தினமும் டெஸ்ட், ஒருநாளும் சான்றிதழ் இல்லை. தொடுமுறையில் கம்பு நுனியில் பொடி பூசி, எதிராளி உடம்பில் பதிந்த இடத்தை எண்ணுகிற வழக்கமும் உண்டு. தடம் விழுந்ததா இல்லையா என்பதில் பாசத்துக்கும் கோபத்துக்கும் வேலை இல்லை.

இன்று சிலம்பமும் மேடை ஏறிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. தாளுக்கு மதிப்பு வந்தால் தாளைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆனால் ஒதுக்கீடு கேட்பது போட்டியில் வென்றதற்கான சான்று. பயிற்சிக்கூடம் கொடுக்கிற பெல்ட்டை வைத்து எந்த அலுவலகத்திலும் ஒரு படி ஏற முடியாது. ஆகவே பெல்ட்டின் மதிப்பு முழுவதும் அந்த வகுப்பின் நேர்மையில்தான் நிற்கிறது.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

பிள்ளையை வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் மாஸ்டரிடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் நல்ல மாஸ்டர் யாரும் கோபிக்க மாட்டார்.

1. அடுத்த பெல்ட்டுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிய தாள் இருக்கிறதா?
2. டெஸ்ட்டில் உங்களைத் தவிர வேறு யார் மதிப்பெண் போடுவார்கள்?
3. கறுப்பு வரைக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? மறுதேர்வுக்குக் காசு உண்டா?
4. போன டெஸ்ட்டுக்கு முன் எத்தனை பேரை "இன்னும் பழகணும்" என்று நிறுத்தி வைத்தீர்கள்?
5. டெஸ்ட் முடிந்தபின் பிள்ளையின் மதிப்பெண் தாளை எங்களுக்குக் காட்டுவீர்களா?

நாலாவது கேள்விக்கு "யாரையும் இல்லைங்க, எல்லாரும் பாஸ்" என்று பெருமையாகப் பதில் வந்தால், அங்கே யாரும் பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கும் தெளிவான பதில் வந்தால் கவலையின்றிச் சேர்த்துவிடுங்கள். அதன்பிறகு "அடுத்த பெல்ட்டு எப்ப?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த எடத்துல இன்னும் வேகணும் மாஸ்டர்?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் குறிப்பான பதில் இருக்கும். பிள்ளைக்கு அன்று சாயந்தரமே பழக ஒரு வேலையும் கிடைக்கும்.